சோக்கைத் தள்ளினால் அணையும் பழைய 800

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலிருந்து கேட்கிறேன். 1996 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி. சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்தால் ஓடுகிறது, தள்ளினால் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது, நின்றுவிடுகிறது. நேற்று பாம்பன் பாலத்து நடுவில் அணைந்து, பின்னால் பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றணுமா?

கீழக்கரைக்காரன்: அவசரப்படாதீங்க அண்ணே. சோக்கில் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதாமல்தான் அணைகிறது, பெரும்பாலும் பைலட் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள திருகு) அடைப்பு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும். ரொம்ப நாள் நின்றதா?

இரண்டு மாதம் தோப்பில் நின்றது.

தொண்டி: அப்போ டேங்கையும் பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும், நம்ம கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். என் வண்டியில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் உப்புப் பூத்திருக்கும், துடைத்துவிடுங்கள். பிளக் வயரைக் கழற்றினால் கவனம், மூன்று சிலிண்டர், ஃபயரிங் வரிசை (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-2, அதே வரிசையில் திரும்ப மாட்டுங்கள்.

ஜெட்டில் பச்சையாகப் பிசின்! ஊதி மாட்டியாச்சு. சாயங்காலம் உச்சிப்புளியில் எஞ்சினை அணைக்காமலே டீ குடித்தேன்.