ஓட்டாத சைக்கிளை ஓட்டினேன் என்று சொல்லலாமா? (ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்)

பூம்பாறைக்காரி:
வணக்கம். நான் நர்ஸ். இங்கிலாந்தில் பதிவு செய்ய, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங்கில் (பேச்சுத் தேர்வில்) 7 வேண்டும். போன தடவை 6தான் வந்தது. முதல் பகுதியில் சைக்கிள் பற்றிக் கேட்டார்கள். சின்ன வயதில் சைக்கிள் இருந்ததா, ஓட்டப் பிடிக்குமா என்று. நான் படித்த பயிற்சி மையத்தில் (கீழே, சமவெளியில், பெயர் வேண்டாம்) இதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தார், தினமும் அதில்தான் பள்ளிக்குப் போனேன், அது எனக்குத் தன்னம்பிக்கை தந்தது. அப்படியே ஒப்பித்தேன். முடிப்பதற்குள் தேர்வாளர் "ஒய்?" என்றார். ஒரே சொல். நான் மனப்பாடம் செய்ததில் "ஒய்" இல்லை. வாய் அடைத்துவிட்டது.

உண்மை என்னவென்றால், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் யாரிடமும் சைக்கிள் கிடையாது. வீட்டு வாசலில் இறங்கினால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் சரிவு. சைக்கிள் என்றால் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்தான் எனக்கு முதல் சைக்கிள். பஸ் மேல் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். அதில் நான் ஏறியதைவிட அப்பாவின் பூண்டு மூட்டை ஏறியதே அதிகம். இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா? இல்லை, சிவப்பு சைக்கிளையே இன்னும் நன்றாக ஒப்பிக்கட்டுமா?

ஏழுரோடு:
தங்கச்சி, தேர்வாளர் என்ன போலீஸா? உங்கள் வீட்டுக்கு வந்து சைக்கிள் நிற்கிறதா என்று பார்க்கப்போவதில்லை. அவர் பார்ப்பது நாலே விஷயம்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம மதிப்பு. உண்மைக்குத் தனி மார்க் கிடையாது. நான் இருபது பதில் தயார் பண்ணிக்கொண்டு போனேன், பாதி பொய். 7.5 வந்தது. உங்கள் பதிலில் தப்பு இல்லை, "ஒய்"க்கு இன்னும் இரண்டு வரி சேர்த்து மனப்பாடம் பண்ணாததுதான் தப்பு.

பண்ணைக்காடு வாத்தியார்:
பொய் சொல்லலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஒப்பிப்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளிப்படையாக வைத்திருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில், இலக்கணத்தில் 3ஆம் பேண்டு (மதிப்பெண் படி) பற்றிச் சொல்லும்போதே மனப்பாட வாக்கியங்களைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஒப்பிக்கும் குரல் தனி. அதில் மேடு பள்ளமே இருக்காது. முப்பது வருஷம் வகுப்பில் கேட்டவன் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு 6 வந்ததற்கு வேறு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் சின்ன வயதுக் கதையை இங்கிலீஷில் சொல்லும்போது எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "சின்ன வயசில் ஏரிப் பக்கம் போவோம், சைக்கிளை வேடிக்கை பார்ப்போம், மழை வந்தால் ஓடிவிடுவோம்." போவோம், பார்ப்போம் எல்லாம் வடிவத்தில் எதிர்காலம். வழக்கமாக நடந்த பழைய கதையைச் சொல்லவும் தமிழுக்கு அதே வடிவம் போதும். அதை நம் பிள்ளை அப்படியே தூக்கிப் போட்டு, "இன் மை சைல்ட்ஹுட் வி வில் கோ டு த லேக்" என்கிறது. கேட்பவருக்கு இது நாளைக்குப் போகப்போகிற மாதிரி இருக்கிறது.

அந்த "வில்" வருகிற இடத்திலெல்லாம் "வுட்" போடுங்கள், பாதி வேலை முடிந்தது. "வி வுட் கோ", "வி வுட் வாட்ச்". ஆனால் கதையை "வுட்" வைத்துத் தொடங்கக் கூடாது. முதல் வரி "வி யூஸ்ட் டு கோ" என்று இருக்கட்டும், அதற்கப்புறம் "வுட்" வரட்டும். இன்னொன்று, "வைத்திருந்தேன்", "பிடிக்கும்" போன்றவற்றுக்கு "வுட்" ஆகாது. "ஐ யூஸ்ட் டு ஹேவ் அ பைக்"தான், "ஐ வுட் ஹேவ் அ பைக்" இல்லை. "ஐ ஆம் ஹேவிங் அ சைக்கிள்" பற்றி நான் பேச விரும்பவில்லை, ரத்த அழுத்தம் ஏறும்.

ஏரிக்கரை வாடகை:
வாத்தியார் "பைக்" என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பமே ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விட்ட குடும்பம். சுற்றுக்கு 5 கிலோமீட்டர், திரும்பி வரும்போது செயின் கழன்று, ஆளும் கழன்று வருவார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் "பைக்" கேட்டார், என் மாமா தன் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டிவிட்டார். நமக்கு பைக் என்றால் பெட்ரோல் ஊற்றுவது, அவர்களுக்கு மிதிப்பது. தேர்வாளர் "பைக்" என்று கேட்டால் புல்லட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்புறம் உச்சரிப்பு. "பைசைக்கிள்" இல்லை, "பைசிகிள்". அழுத்தம் முதல் எழுத்தில், நடுவில் "சி" குறில். தனியாகவோ மோட்டாரோடு சேர்ந்தோ வந்தால்தான் "சைக்கிள்". ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஏழுரோடு:
வாத்தியார் சார், எல்லாம் சரி. நீங்கள் வகுப்பில் ஆற அமர உட்கார்ந்து சொல்கிறீர்கள். அங்கே மொத்தமே 11 முதல் 14 நிமிடம், முதல் பகுதிக்கு நாலைந்து நிமிடம். எதிரே முன்பின் தெரியாத ஆள், மேசையில் ரெக்கார்டர். கை நடுங்கும். நடுங்குகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டாமா? சிவப்பு சைக்கிள் பதிலில் தெரிந்த சொற்கள் மட்டும்தான். பூண்டு மூட்டைக் கதையைச் சொல்ல "கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போவது"க்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றால் உங்கள் உண்மைதான் சரளத்தைக் கெடுக்கும்.

பண்ணைக்காடு வாத்தியார்:
இது நியாயமான கேள்வி. பயம் எனக்கும் தெரியும். ஆனால் போன தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே போனாள்? "ஒய்" என்றதும் கம்பி கையோடு வந்துவிட்டது. சொந்தக் கதையில் "ஒய்"க்குப் பதில் ஏற்கெனவே உள்ளே கிடக்கும், தேடத் தேவையில்லை. இங்கிலீஷ் சொல் பத்து தெரியாமல் இருக்கலாம், அந்தப் பத்தை மட்டும் இன்றைக்கே கற்றுக்கொள்ளலாமே. வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்மா, சொற்களைச் செய்துகொள்ளுங்கள். எங்கே, ஒரு பதில் எழுதிப் பாருங்கள். முதல் பகுதிதான், மூன்று வரி போதும்.

பூம்பாறைக்காரி:
சரி சார். திட்டக் கூடாது.
"நாட் ரியலி. ஐ காட் ஒன் ஃப்ரம் த கவர்ன்மென்ட் வென் ஐ வாஸ் சிக்ஸ்டீன், பட் அவர் வில்லேஜ் இஸ் ஆன் அ ஸ்டீப் ஸ்லோப், ஸோ ஐ யூஸ்ட் டு புஷ் இட் மோர் தேன் ஐ ரோட் இட். மை ஃபாதர் வில் டை அ சாக் ஆஃப் கார்லிக் ஆன் இட் அண்ட் வாக் பிசைட் இட்."

பண்ணைக்காடு வாத்தியார்:
கடைசி வரியில் "வில்" வந்துவிட்டது பார்த்தீர்களா? "கட்டுவார்" என்று மனசு தமிழில் சொல்லியிருக்கிறது. "வுட் டை." மற்றதைத் தொடாதீர்கள். தள்ளியதே அதிகம் என்ற அந்த வரியை எந்தப் பயிற்சி மையமும் எழுதித் தராது.

ஏழுரோடு:
நல்லாத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் "ஒய்" கேட்கிறேன், சொல்லுங்கள். ஏன் ஓட்டவில்லை? யோசிக்காமல்.

பூம்பாறைக்காரி:
"பிகாஸ் கோயிங் டவுன் வாஸ் ஸ்கேரி. ஒன்ஸ், ஹாஃப்வே டவுன், ஐ குட் ஸ்மெல் த ரப்பர் பர்னிங்..." அண்ணே, பிரேக் கட்டைக்கு என்ன?

ஏரிக்கரை வாடகை:
பிரேக் பேட். தேய்ந்துபோவது "வேர் அவுட்", தேய்ந்துபோனது "வோர்ன் அவுட்". எங்கள் கடையில் வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவோம், இந்தச் சொல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பூம்பாறைக்காரி:
"த பிரேக் பேட்ஸ் ஹேட் வோர்ன் அவுட், ஸோ ஐ ஜம்ப்டு ஆஃப் அண்ட் த பைசிகிள் வென்ட் இன்டு எ கேரட் ஃபீல்ட்." கேரட்காரர் அப்பாவிடம் வந்து சண்டை போட்டதையும் சொல்லவா?

பண்ணைக்காடு வாத்தியார்:
அது இரண்டாம் பகுதிக்கு ஆகும். அங்கே யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள், இரண்டு நிமிடம் வரை பேசலாம். கேரட்காரரை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஏழுரோடு:
நான் தோற்றதாக யாரும் நினைக்க வேண்டாம். தங்கச்சி, எதற்கும் அந்த சிவப்பு சைக்கிளையும் ஒரு ஓரமாக நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தேர்வு முடிந்ததும் இங்கேயே வந்து சொல்லுங்கள்.