சென்னை டீமில் சேர்ந்த பையன் பெஞ்சிலேயே இருக்கிறான், எவ்வளவு காலம் பொறுப்பது?

கீழக்கரை மாமா:

தங்கச்சி மகன் பேஸ்கட்பால் ஆடுகிறான், நல்ல உயரம். எங்கள் ஊர் சிமெண்ட் கோர்ட்டில் ஆடி, மாவட்ட அணி, காலேஜ் அணி என்று போய், இந்த வருஷம் சென்னையில் ஒரு அணி எடுத்திருக்கிறது. மாதச் சம்பளம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. ஆனால் மேட்சில் நாலைந்து நிமிஷம்தான் இறக்குகிறார்கள். இரண்டு பந்தை விட்டால் உடனே உட்காரவைத்துவிடுகிறார்கள். ஊரில் இவனைத் தடுக்க ஆளே கிடையாது!

மச்சான் துபாயில் இருக்கிறார். விசா தயார், கிளம்பி வரச் சொல் என்று தினமும் போன். தங்கச்சி முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு பழைய கார்டு:

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்), முதலில் ஒன்று. மேட்ச் முடிந்ததும் போன் போட்டு "எத்தனை பாயிண்ட் போட்டாய்?" என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். நாலு நிமிஷம் இறங்குகிற பையன் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கண்ட இடத்திலிருந்து எறிவான்.

உங்கள் ஊர் கோர்ட்டில் நானும் ஆடியிருக்கிறேன். கச்சான் காற்று எழும்பினால் பந்தை உயரத் தூக்கி எறியவே முடியாது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அங்கே வளர்ந்தவர்கள் தாழ்வாக, வேகமாக, பலகையில் அடித்துத்தான் போடுவார்கள். இல்லாவிட்டால் வளையத்துக்குக் கீழேயே போய்விடுவார்கள். ஊர் மேட்சுக்கு அது போதும். சென்னையில் உள்ளரங்கம், மரத்தரை, எதிரே இவனைவிட உயரமானவன். தாழ்வாக எறிந்தால் கையிலேயே தட்டிவிடுவான். 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று வளைவாக எறிய இனிமேல்தான் பழக வேண்டும். எறிகிற விதத்தை மாற்றிப் பழகும்போது இருக்கிற குறியும் முதலில் கெடும். கோச் அதைத்தான் செய்கிறார் என்றால் இந்த வருஷக் கணக்கை வைத்துப் பையனை எடை போடாதீர்கள்.

பெரிய பெயர்களும் இப்படித்தான் தொடங்கின. கோபி பிரையன்ட் 1996இல் பள்ளியிலிருந்து நேராக அமெரிக்காவின் என்பிஏ லீகுக்கு வந்தவர். முதல் சீசனில் சராசரி 7.6 புள்ளி. அந்த சீசன் முடிவில் யூட்டா அணியோடு ஆடிய ஆட்டத்தில் அவர் எறிந்த நாலு பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. பள்ளி ஆட்டங்களிலிருந்து 82 ஆட்ட சீசனுக்கு வந்த பையனுக்குக் கால் தாங்காது, கால் போனால் ஷாட் போச்சு. அதே வருஷம் வந்த ஸ்டீவ் நேஷுக்கு முதல் சீசனில் சராசரி 3.3 தான். பீனிக்ஸ் அணியில் அவருக்கு முன்னால் அனுபவசாலி கார்டுகள் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்கள்) வரிசையாக இருந்தார்கள். 2005, 2006 இரண்டு வருஷமும் என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

யானிஸ் அன்டெடோகூன்போ கதை வேறு மாதிரி. புதுப்பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராப்டில், 2013இல் 15ஆவது ஆளாக எடுத்தார்கள், முதல் சீசன் சராசரி 6.8. அவரை எடுத்த மில்வாக்கி அணி அந்த வருஷம் 67 ஆட்டம் தோற்றது. தோற்றாலும் பரவாயில்லை என்று பையனை இறக்கினார்கள். 2021இல் கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி போட்டார். தோற்கிற அணியில்தான் புதுப்பையனுக்கு நிமிஷம் கிடைக்கும், ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற அணியில் கிடைக்காது. உங்கள் மருமகன் எந்த மாதிரி அணியில் இருக்கிறான் என்று பாருங்கள்.

தொண்டி சென்டர்:

அண்ணன் ஜெயித்தவர்களை மட்டும் சொல்கிறார். யானிஸை எடுத்த அதே 2013இல் முதல் ஆளாகப் போனவர் ஆன்டனி பென்னட். நாலு சீசன், நாலு அணி, அப்புறம் என்பிஏவில் ஆளே இல்லை. நம்ம நாட்டு சத்னாம் சிங்கை 2015இல் டல்லாஸ் எடுத்தது, என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை. பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். பொறுத்தவர்கள் எல்லாம் ஆண்டதில்லை.

என்பிஏவிலேயே பொறுமைக்குக் கெடு உண்டு. முதல் சுற்றில் எடுத்தவனுக்கு இரண்டு வருஷம் சம்பளம் உறுதி, மூன்றாவதும் நாலாவதும் அணி விரும்பினால்தான். அதனால் பையனின் ஒப்பந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். எத்தனை வருஷம், முட்டி போனால் வைத்தியச் செலவு யாருடையது என்று எழுதியிருக்கிறதா?

இன்னொன்று, இதை மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது 18 முதல் 25 வரைதான். துபாய் 27 வயதிலும் போகலாம்.

கீழக்கரை மாமா:

ஒப்பந்தம் இரண்டு வருஷம். முட்டி பற்றி ஒரு வரியும் இல்லை, கேட்கச் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு மேட்ச் வீடியோ அனுப்பினான், இங்கே போட்டிருக்கிறேன். மூன்று முறை எறிந்து ஒன்றும் விழவில்லை.

ராம்நாடு பழைய கார்டு:

பார்த்தேன். எறிந்ததை விடுங்கள். இரண்டாவது நிமிஷத்தில் அவர்கள் கார்டு, தன் அணி ஆள் மறித்து நிற்கிற ஸ்கிரீனைச் சுற்றி உள்ளே வருகிறான், உங்கள் பையன் தன் ஆளை விட்டுவிட்டு வழியை மறிக்கிறான், பந்து வெளியே போனதும் திரும்ப ஓடித் தன் ஆளையும் பிடித்துவிடுகிறான். ஊரில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அங்கே போய்த்தான் கற்றிருக்கிறான். கோச் பெஞ்சிலிருந்து கை தட்டுவதும் தெரிகிறது. இடது கை மட்டும் மோசம், பந்து தட்டும்போது குனிந்து பந்தையே பார்க்கிறான். லீவில் வந்தால் காலையில் காற்று கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

பென்னட்டைச் சொன்ன தம்பிக்கு: சான்சி பில்லப்ஸை 1997இல் மூன்றாவது ஆளாக எடுத்த பாஸ்டன், 51 ஆட்டத்திலேயே தள்ளிவிட்டது. பல அணி சுற்றி டெட்ராய்ட் போய், 2004 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இந்த அணி விட்டாலும் அதோடு முடிந்ததாக ஆகாது.

கீழக்கரை மாமா:

ரயில்வே வயதுக் கணக்கைச் சொன்னதும் மச்சான் கொஞ்சம் இறங்கினார். இரண்டு வருஷமும் ஆடட்டும் என்கிறார். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த முன்பணத்தை என்னிடம் கேட்கிறார், அது தனிப் பஞ்சாயத்து.