ஐசிஎஃப் ஸ்லீப்பர் என்று வாங்கிய ஹெச்ஓ பெட்டி நோஞ்சானாகத் தெரிகிறது, எங்கே தப்பு?

அரக்கோணம் லூப்:
வணக்கம். போன மாதம் ஒருவரிடம் பழைய ஹெச்ஓ (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் பெட்டி ஒன்று வாங்கினேன். நீலமும் வெளிர்நீலமும் அடித்து, தெற்கு ரயில்வே எழுத்தெல்லாம் போட்டு, ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் ஆலையின் பழைய ரகம்) ஸ்லீப்பர் என்று சொல்லித்தான் விற்றார். தனியாகத் தண்டவாளத்தில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய ஐசிஎஃப் ஏசி பெட்டியோடு மாட்டியதும்தான் ஏதோ இடிக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில் என் பெட்டி இரு பக்கமும் படிபோல உள்வாங்கி நிற்கிறது. அப்பா ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது நம்ம வண்டி இல்லடா" என்று எழுந்து போய்விட்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரு முனையிலும் இடி தாங்கும் பஃபரோடு சேர்த்து நீளம் 264 மிமீ. அசல் 22,297 மிமீ, 87ஆல் வகுத்தால் 256 வரவேண்டும். இந்த 8 மிமீதான் காரணமா?

டிராலிமேன்:
நீளத்தை விடுங்கள். ஒரு போகியில், அதாவது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் மையத்துக்கு மையம் எவ்வளவு?

அரக்கோணம் லூப்:
ஏறக்குறைய 29.

டிராலிமேன்:
அப்படியென்றால் எல்எச்பி, ஐசிஎஃபுக்குப் பின் நம் ரயில்வேக்கு வந்த புது ரகம். ஐசிஎஃப் போகி 2,896 மிமீ, நம் அளவில் 33.3. எல்எச்பியின் ஃபியட் போகி 2,560, அது 29.4. எல்எச்பி பாடி 270 வரவேண்டும், வளைவுக்காகக் கொஞ்சம் குறைத்திருப்பார்கள்.

கரிப்புகை:
சார், அவசரப்படாதீர்கள். எல்எச்பியும் ஐசிஎஃபும் அகலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 3,240, 3,245. எதுவாக இருந்தாலும் ஏசி பெட்டியோடு படி விழக்கூடாது. தம்பி, அகலம் அளந்தீர்களா?

அரக்கோணம் லூப்:
இப்போதுதான் வெர்னியர் வைத்தேன் அண்ணா. 32.5.

கரிப்புகை:
அதுதான் விஷயம். நம் பெட்டி 37.3 இருக்கவேண்டும், உங்களுடையது ஒரு பக்கத்துக்கு 2.4 மிமீ குறைகிறது. 32.5ஐ 87ஆல் பெருக்கினால் 2,825 பக்கம் வரும், அது 1950களில் இருந்து ஜெர்மனியில் ஓடிய 26.4 மீட்டர் பெட்டியின் அகலம். அந்தப் பெட்டி ஹெச்ஓவில் சரியாக 303 மிமீ வரவேண்டும், ஆனால் வீட்டு மேசை வளைவில் அவ்வளவு நீளம் திரும்பாது என்று பல கம்பெனிகள் நீளத்தை மட்டும் 100இல் ஒரு பங்காகச் சுருக்கி விற்றன. 26,400ஐ 100ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 264. போகியும் அங்கே 2,500 மிமீதான், அதனால்தான் 29 வந்து எல்எச்பி என்று ஏமாற்றியது. ஒரு உதவி செய்யுங்கள்: கதவோரம் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள், அப்புறம் ஜன்னலை எண்ணுங்கள். நம் ஸ்லீப்பரில் ஒரு தடுப்புக்கு இரண்டு சின்ன ஜன்னல், குறுக்கே கம்பி. அவர்களுக்கு ஒரு கூபேக்கு, அதாவது கதவு வைத்த தனி அறைக்கு, ஒரே பெரிய கண்ணாடி.

அரக்கோணம் லூப்:
சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் கரும்பச்சை! ஒரு பக்கம் 12 பெரிய ஜன்னல், கண்ணாடி மேல் கம்பியைப் பெயின்டால் கோடு இழுத்திருக்கிறார்கள், இரண்டு இடத்தில் கோடு சட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் தனியாக நின்றபோது எப்படிச் சரியாகத் தெரிந்தது?

கரிப்புகை:
அது கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், செய்த வேலை. நம் பிராட்கேஜ் 1,676, ஹெச்ஓவில் 19.3 வரவேண்டும், ஆனால் எல்லோரும் 16.5இல்தான் ஓட்டுகிறோம். அசலில் பெட்டி தண்டவாளத்தைப் போல 1.94 மடங்கு அகலம், உங்கள் ஜெர்மன் பெட்டி 16.5 மேல் நிற்கும்போது 1.97 மடங்கு. சரியான அளவில் செய்த நம் பெட்டியோ 2.26 மடங்காகி, நேரெதிரே இருந்து பார்த்தால் ஒற்றைக்காலில் நிற்கும் யானை மாதிரி இருக்கும். தப்பான பெட்டி தப்பான தண்டவாளத்தில் சரியாகத் தெரிகிறது, கண்ணைக் குறை சொல்லி என்ன செய்ய?

டிராலிமேன்:
என் எல்எச்பியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அரக்கோணம் லூப்:
இதையே வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முடியுமா?

கரிப்புகை:
வேண்டாம். அகலத்தைக் கூட்டினால் கூரை, முனைச்சுவர், அடிச்சட்டம் எல்லாம் புதிதாகச் செய்யவேண்டும், அப்புறம் மிஞ்சுவது என்ன? சக்கரத்தை மட்டும் கழற்றி விட்டத்தைப் பாருங்கள். நம்முடையது 915, அதாவது 10.5 மிமீ; பக்கத்தில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பாடியைப் பிளாஸ்டிக் ஷீட்டில் புதிதாகக் கட்டுங்கள்: பஃபர் இல்லாமல் நீளம் 245.3, அகலம் 37.3, போகி மையங்களுக்கு இடையே 14,783 என்பதால் 169.9. போகியின் 33.3ஐ மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பெயின்ட் கடைசி வேலை. ஜெர்மன் பெட்டியைப் பச்சை தெரியும்வரை கழுவி ஜெர்மன் பெட்டி என்றே சொல்லி விற்றுவிடலாம், அதற்கும் ஆள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் ஒரு கணக்கு மட்டும் பொருந்துகிறது: அங்கே 12 கூபே, கூபேக்கு ஆறு இருக்கை, மொத்தம் 72. நம் ஐசிஎஃப் ஸ்லீப்பரிலும் 72 பெர்த்.

அரக்கோணம் லூப்:
அப்பாவிடம் அந்த 72ஐச் சொன்னேன். "உட்கார 72, படுக்க 72, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஷீட் வாங்க நாளைக்குப் போகிறேன்.