மறு: டேங்க் ரெஜிமெண்டுக்குத் தமிழ்ச்சொல் - புரவியை விட்டுவிட வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக எல்லாருடைய மடல்களையும் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நம் சொற்பட்டியலில் 'டேங்க் ரெஜிமெண்ட்' என்பதற்குப் "படைப்பிரிவு என்றே போட்டு முடித்துவிடலாம்" என்று நேற்று சேலத்து நண்பர் எழுதியதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை. அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பத்திரிகைகள் 'பீரங்கி' என்றுதான் எழுதுகின்றன. மக்களுக்குப் புரிகிறது, போதாதா?

போதாது. பீரங்கி என்பது குண்டு எறியும் குழல். ராணுவத்தில் பீரங்கிப்படை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அவர்கள் பல கிலோமீட்டர் பின்னால் நின்று சுடுவார்கள். டேங்க், அதாவது டாங்கி, எதிரியின் கண்ணுக்கு முன்னால் போய் நிற்பது. அதன்மேல் ஒரு பீரங்கி பொருத்தியிருக்கிறது, அவ்வளவுதான். நம் ராணுவத்தின் டாங்கிகளில், அர்ஜுனில் 120 மில்லிமீட்டர், டி-90இல் 125 மில்லிமீட்டர். கலப்பை பூட்டியிருக்கிறது என்பதற்காக டிராக்டரைக் கலப்பை என்று நம் ஊரில் யாராவது சொல்கிறோமா? செய்தியில் "பீரங்கிகள் முன்னேறின" என்று வரும்போது எந்தப் படை முன்னேறியது என்று படிப்பவருக்குத் தெரியாமலே போகிறது.

'தொட்டி' என்று பெயர்க்கலாம், ஆங்கிலத்தில் அதுதானே பொருள் என்று பெங்களூரு நண்பர் கேட்டிருந்தார். அந்தப் பெயரே ஒரு மறைப்பு. 1915இல் இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் இந்த வண்டியைச் செய்தபோது, சேதி கசியாமல் இருக்கத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதன்முறையாக இறங்கிய பிறகும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பொருளை ஒளிக்க வைத்த பெயருக்கு நாம் பொருள் தேடிப் பெயர்ப்பதில் பயனில்லை. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பொதுப்பணித்துறைப் பதிவுகளில் டேங்க் என்றால் ஏரி. பாரூர் டேங்க் என்றால் பாரூர்ப் பெரிய ஏரி. நான் பள்ளியில் இருந்த காலத்தில் ஒரு மாணவன் 'ஏரிப் படை' என்று மொழிபெயர்த்து எழுதிக்கொண்டு வந்தான். நல்ல பையன், கையில் இருந்த அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தான். அவனுக்குச் சரியான சொல்லைக் கொடுக்க அன்று என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த விவாதத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அதுதான் காரணம்.

ஆகவே வண்டிக்கு 'டாங்கி' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தமிழ் ஓசைக்கு ஒத்து வந்துவிட்ட சொல். 'தகரி' என்று முன்மொழிந்தவருக்கு: வினையிலிருந்து ஒழுங்காகப் பிறந்த சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தகர்ப்பதையெல்லாம் தகரி என்று சொல்லலாம், வெடிகுண்டு உட்பட.

இனி கடினமான பகுதி. 'ரெஜிமெண்ட்'.

இந்த ஒரு சொல்லை நம் ராணுவம் இரண்டு பொருளில் ஆள்கிறது என்பதை யாரும் இதுவரை எழுதவில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் அதன் மையம் இருக்கிறது. அதற்குள் பல பட்டாலியன்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். அங்கே ரெஜிமெண்ட் என்பது ஒரு குலப்பெயர் மாதிரி. ஒருவர் "நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்றால் அடுத்து "எத்தனாவது பட்டாலியன்?" என்று கேட்டாக வேண்டும். டாங்கிப் பக்கம் அப்படி இல்லை. 16ஆவது லைட் கேவல்ரி (கேவல்ரி என்றால் குதிரைப்படை) என்றால் அதுவே ஒரு ரெஜிமெண்ட், அதுவே சண்டைக்குப் போகும் பிரிவு. அதற்கு 45 டாங்கிகள். மூன்று ஸ்க்வாட்ரன்கள், ஒவ்வொன்றிலும் 14, தலைமையகத்தில் 3. இந்த ஸ்க்வாட்ரனை இன்றைக்கும் 'சேபர் ஸ்க்வாட்ரன்' என்கிறார்கள். சேபர் என்பது குதிரைவீரன் இடுப்பில் தொங்கிய வளைந்த வாள்.

நாமோ பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், ரெஜிமெண்ட் எல்லாவற்றுக்கும் 'படைப்பிரிவு' என்று ஒரே சொல்லைப் போடுகிறோம். எண்ணூறு பேர் என்றாலும் படைப்பிரிவு, பதினைந்தாயிரம் பேர் என்றாலும் படைப்பிரிவு. அதனால்தான் சேலத்து நண்பரின் யோசனைக்கு என்னால் சரி சொல்ல முடியவில்லை.

காலாட்படையின் குலப்பெயருக்கு 'ரெஜிமெண்ட்' என்பதைச் சிறப்புப்பெயரின் பகுதியாக விட்டுவிடலாம். டாங்கிப் பிரிவுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். அந்தச் சொல்லில் குதிரை இருக்க வேண்டும் என்பது என் வாதம். சென்னை நண்பர் இதைக் கடுமையாக மறுத்திருந்தார்.

> குதிரையே இல்லாத படைக்குப் புரவி எதற்கு? இது பழம்பெருமை பேசும் ஆசை.

ஐயா, குதிரை போன பிறகும் அதன் பெயரை வைத்துக்கொண்டது அந்தப் படையேதான். ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ், ஹாட்சன்ஸ் ஹார்ஸ், பூனா ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ், சிந்து ஹார்ஸ் - இவை எல்லாம் இன்றைய டாங்கி ரெஜிமெண்டுகளின் பெயர்கள். முதல் உலகப்போர் முடிந்ததும், 1921-22இல், 39 குதிரைப்படை ரெஜிமெண்டுகளை இணைத்து 21 ஆக்கினார்கள். 1938இல் ராவல்பிண்டியில் சிந்து ஹார்ஸ் தன் குதிரைகளை ஒப்படைத்துவிட்டு இயந்திர வண்டிக்கு மாறியது. அதன் நினைவாகத்தான் மே 1ஆம் தேதியைக் கவசப்படை (டாங்கிப்படை) நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1941இல் குதிரைப்படை முழுவதும் கவசப்படை என்ற பெயரில் ஒன்றானது. பிரிவினையில் 12 ரெஜிமெண்டுகள் இந்தியாவுக்கும் 6 பாகிஸ்தானுக்கும் போயின. இவ்வளவும் நடந்த பிறகு 1957இல் புதிதாக ஒன்றை எழுப்பி அதற்கு 63ஆவது கேவல்ரி என்று பெயர் வைத்தார்கள். குதிரையைக் கண்ணாலும் பார்க்காத ரெஜிமெண்ட் அது.

'கவச ரெஜிமெண்ட்' என்று மட்டும் பெயர் கொண்டவையும் உண்டு, மறைக்கவில்லை. அர்ஜுன் டாங்கியை முதலில் பெற்ற 43ஆவது ரெஜிமெண்ட் அப்படிப்பட்டதுதான். ஆனால் அங்கேயும் பதவிப்பெயர்களைப் பாருங்கள். காலாட்படையில் சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார். டாங்கிப்படையில் சவார், தபேதார், ரிசல்தார். சவார் என்றால் குதிரை ஏறியவன், நம் 'சவாரி'யின் உறவு. ரிசாலா என்றால் குதிரைப்படை, அதன் தலைவன் ரிசல்தார். தபேதாரைத் தருமபுரிக்காரர்களுக்கு அறிமுகம் செய்யவே வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்தில் வெள்ளை உடுப்பும் சிவப்பு டவாலியுமாக நிற்பவரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம்.

என் சித்தப்பா ஒருவர் டாங்கிப்படையில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேச்சுவாக்கில் "நீங்க சிப்பாயா இருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். உடனே நிறுத்திவிட்டார்.

"ஏம்ப்பா, நாங்க சிப்பாய் இல்லப்பா. சவாரு. ரெண்டும் வேற வேற."

"குதிரைதான் இல்லையே, சித்தப்பா?"

"இல்லன்னா என்ன? சாயந்தரம் வண்டியப் பாக்காம ஒருத்தன் சாப்பாட்டுக்குப் போயிட முடியுமா? செயின் தொய்ஞ்சிருக்கா, எண்ணெய் ஒழுகுதா, குழாய் தொடைச்சாச்சா, எல்லாம் முடியணும். குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு அப்புறந்தான் உன் வாய்க்குன்னு எங்க ரிசல்தார் சாப் சொல்லுவாரு. அவரும் குதிரையப் பாத்தவரு இல்ல. அவருக்கு முன்னால இருந்தவங்க சொல்லிக்குடுத்தது."

இதைத்தான் நான் சென்னை நண்பருக்குச் சொல்ல விரும்புகிறேன். சித்தப்பாவுக்கு அது பழம்பெருமை இல்லை, தினப்படி வேலை. லாயத்தில் நடந்த வேலை வண்டிக் கொட்டகைக்கு இடம் மாறியிருக்கிறது. இன்னொன்றும் யோசியுங்கள். அர்ஜுனின் இன்ஜின் 1400 குதிரைத்திறன் என்று நாம் எல்லாருமே எழுதுகிறோம். அதில் குதிரை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

மொழிபெயர்ப்பவரின் பக்கம் இருந்தும் பாருங்கள். 1965 போரில் தாராபூரும், 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் 21 வயது அருண் கேத்ரபாலும் உயிர் கொடுத்து, போர்க்கள வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்றார்கள். இருவரும் பூனா ஹார்ஸ். இதைத் தமிழில் எழுதுகிறவர் 'பூனா குதிரை' என்றா எழுதுவார்? 'பூனா படைப்பிரிவு' என்றால் பெயரில் பாதி போய்விடும். 'பூனா புரவியணி' என்றால் பெயரும் நிற்கிறது, அது எந்த வகைப் படை என்பதும் தெரிகிறது.

இதில் நமக்கு நேரடியான உறவு ஒன்றும் இருக்கிறது. டாங்கி ரெஜிமெண்டுகளில் மிகப் பழையது எங்கோ வடக்கே பிறந்ததல்ல. 16ஆவது லைட் கேவல்ரி ஆற்காட்டு நவாபின் படையில் 1776க்கு முன்பே இருந்து, பிறகு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை ராணுவத்தில் குதிரைப்படையானது. கலந்துகொண்ட போர்களுக்காக அதற்குக் கிடைத்த போர்ச்சிறப்புகளில் சோளிங்கர் இருக்கிறது, மைசூர் இருக்கிறது, ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. ராயக்கோட்டையை 1791 ஜூலையில் கும்பெனி பிடித்ததும், அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையில் மோதித் தோற்றுத் திரும்பியதும், 1792 உடன்படிக்கையில் நம் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் கைமாறியதும் அந்த மைசூர்ப் போரில்தான். 7ஆவது லைட் கேவல்ரியும் சென்னை ராணுவத்தில் பிறந்ததுதான். அதுவே 1948 நவம்பரில் பதினோராயிரம் அடிக்கு மேல் உள்ள சோஜிலா கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றிக்காட்டியது.

சென்னைக் குதிரைப்படைக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. வடக்கே பெரும்பாலான ரெஜிமெண்டுகளில் சில்லேதார் முறை: வீரன் தன் குதிரையோடு வந்து சேருவான், அல்லது குதிரைக்கான பணத்தைக் கட்டுவான். ஹைதர் அலியின் படையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சென்னை ரெஜிமெண்டுகளில் குதிரையை அரசாங்கமே கொடுத்தது. அப்படியானால் குதிரைகளை வாங்கி, வளர்த்து, பழக்க இடம் வேண்டும் அல்லவா? அந்த இடங்களில் ஒன்று நம் ஓசூர். மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் நிலம் ஒரு காலத்தில் ராணுவக் குதிரைப் பண்ணை. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

ஆகவே என் முன்மொழிவு: டாங்கி ரெஜிமெண்டுக்கு 'கவசப் புரவியணி'. சுருக்கமாகப் 'புரவியணி'. முழுப் படைக்கும் ஏற்கெனவே புழங்கும் 'கவசப்படை'யே போதும். ஜெய்ப்பூரில் இன்றும் குதிரையோடு இருக்கும் 61ஆவது கேவல்ரியைக் 'குதிரைப்படை அணி' என்று எழுதினால் குழப்பம் வராது.

ஏன் புரவி, ஏன் பரியோ இவுளியோ இல்லை என்று கேட்பீர்கள். இவுளி இன்று யாருக்கும் தெரியாது. 'பரியணி' என்பதைக் கேட்டதும் பரி என்ற முன்னொட்டுத்தான் காதில் விழுகிறது. புரவி படித்தவருக்கும் தெரியும், தெற்கே ஐயனாருக்குப் புரவி எடுக்கிறவருக்கும் தெரியும். வெறுமனே குதிரை என்றால் மிருகம் கண்முன் வந்துவிடும், புரவி என்றால் அதோடு அதன்மேல் இருப்பவனும் வருவான். இது என் காதுக்குப் படுவது. உங்கள் காதுக்கு வேறு மாதிரி பட்டால் எழுதுங்கள்.

தருமபுரி தங்கை 'தேரணி' என்று எழுதியிருந்தது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ஓட்டுபவன் ஒருவன், சண்டையிடுபவன் ஒருவன், சுற்றிலும் காப்பு: அமைப்பில் டாங்கிக்குக் குதிரையைவிடத் தேர்தான் நெருக்கம், அம்மா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று தேர் என்றால் வடம் பிடித்து இழுத்து, நாலு வீதி சுற்றி, சாயங்காலம் நிலை சேர்வது. வேகம் அதில் இல்லை. பதவிப்பெயர்களோடும் அது சேராது. 'தூசிப்படை' என்று எழுதியவருக்கும் இதுதான் பதில். முன்னணிப் படைக்குத் தூசி என்பது அருமையான பழஞ்சொல். இன்றைய காதில் புழுதி மட்டுமே விழும்.

சவாருக்கு 'ராவுத்தர்' என்று ஒரு யோசனை வந்தது. சொற்பொருள் சரி, குதிரைவீரன்தான். இன்று அது ஒரு சமூகத்தாரின் பெயர், பதவிப்பெயராக்குவது முறையில்லை. சவார், தபேதார், ரிசல்தார் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம்.

ஸ்க்வாட்ரனுக்கும், அதற்குள் மூன்று மூன்று டாங்கியாக இருக்கும் ட்ரூப்புக்கும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. சேபரை நினைத்து 'வாளணி' என்று எழுதிப் பார்த்தேன். புரவியணிக்குள் இன்னொரு அணி வருவது இடறுகிறது. ட்ரூப்புக்குக் 'கொத்து' சரிவருமா? மாங்காய் அறுப்பு முடிந்ததும் சித்தப்பாவையும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரையும் தோப்பில் உட்காரவைத்து, இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை சொற்பட்டியலில் 'படைப்பிரிவு' என்று போட்டிருக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து