புதுப்பிப்பு: ஃபோர்டு 8.8 டிராக்‌ஷன்-லாக்கில் கிராஸ் பின் நுழையாத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: இந்த டிஃபரன்ஷியலில் (பின் அச்சில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் கிளட்ச் பிளேட்டால் கட்டுப்படுத்தும் பல்சக்கரத் தொகுதி) புது கிளட்ச் பிளேட் போட்டபின் ஸ்பைடர் கியர்களின் (நடுவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சிறு பல்சக்கரங்கள்) துளை ஹவுசிங் (வெளிக்கூடு) துளையோடு சேரவில்லை, அவற்றைத் தாங்கும் கிராஸ் பின் என்ற குறுக்குத் தண்டு பாதியிலேயே நின்றது.

"ஒரு பல் தள்ளியிருக்கும்" என்றவர் சொன்னதே சரி. இரண்டு ஸ்பைடர் கியரும் துல்லியமாக 180 டிகிரி எதிரெதிரே நிற்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் ஒரு பல் தப்பினால் துளையில் பிறை மாதிரி இருட்டு தெரியும். சுத்தியால் அடித்து நுழைக்கப் பார்க்காதீர்கள்.

செய்தது: இரண்டையும் ஹவுசிங்கின் ஜன்னல் (பக்கத் திறப்பு) வழியாக வெளியே உருட்டி, ஒன்றை மட்டும் ஒரு பல் நகர்த்தி மறுபடி பல்லோடு பல் சேர்த்தேன். பழைய ஆக்சில் துண்டின் ஸ்ப்லைனை (முனையில் உள்ள நீள வரிப்பற்கள்) சைடு கியரில் (ஆக்சில் நுழையும் பக்கப் பல்சக்கரம்) மாட்டி, நீளக் கம்பியால் சுற்றினால் இரண்டும் சேர்ந்தே உள்ளே ஏறும். சைடு கியர்களைத் தள்ளி பிளேட்டுகளை அழுத்தும் எஸ் வடிவ ஸ்பிரிங் அதற்குப் பிறகுதான். முன்பே போட்டால் கியர் சுழலாது.

எதிர்பாராதது: உருளும்போது ஸ்பைடர் கியரின் முதுகில் இருக்கும் குழிந்த த்ரஸ்ட் வாஷர் (தேய்மானம் தாங்கும் வளையம்) ஒன்று நழுவியது. கிரீஸ் தடவி ஒட்டியதும் நின்றது. பின்னின் பூட்டு போல்ட் துளை ஹவுசிங்கின் போல்ட் துளைப் பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள்.

பிளேட்டுகள் பக்கத்துக்கு நான்கு இரும்பு, மூன்று உராய்வு. இரு முனையிலும் இரும்பு. மாட்டுமுன் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரில் (பிளேட் உராய்வை மென்மையாக்கும் எண்ணெய்ச் சேர்க்கை) ஊறவைத்தேன். எண்ணெயோடு அதையே சுமார் 118 மி.லி. ஊற்றியிருக்கிறது, திருப்பத்தில் நடுக்கமில்லை.