கொனோரியாவுக்கு ஊசி போட்டும் சீழ் நிற்கவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியா?

இரவுப்பறவை:
கொனோரியா என்று உறுதியாகி செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எரிச்சல் குறைந்தது, ஆனால் காலையில் இன்னும் சீழ் கசிகிறது. நண்பன் தன்னிடம் மிச்சமிருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் போட்டுப் பார் என்கிறான். மறுபடி டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

வழிப்போக்கன்:
மாத்திரையைத் தொடாதீங்க. அப்புறம், துணைக்கும் சிகிச்சை நடந்ததா? இல்லையென்றால் திரும்பத் தொற்றியிருக்கலாம். பாவம், அந்த ஊசியைக் குறை சொல்லி என்ன பயன்?

அகார்தட்டு:
நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வழிப்போக்கன் சொன்னதுதான் முதல் சந்தேகம். அடுத்தது கிளமிடியா, இதுவும் உறவால் பரவும் தொற்றுதான். கொனோரியாவோடு சேர்ந்தே வரும், அந்த ஊசிக்கு மசியாது. அதற்கு டாக்ஸிசைக்ளின் வேண்டும்.

சிப்ரோ வேண்டவே வேண்டாம். கொனோரியா கிருமி சல்ஃபா மருந்துகளை 1940களிலேயே சமாளித்துவிட்டது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியோடு 1976இல் வந்து நின்றது. சிப்ரோ வகையை அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2007இல் கைவிட்டது. 2018இல் பிரிட்டனில் ஒருவருக்கு வந்த கிருமி செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் எர்ட்டாபெனம் என்ற இன்னொரு மருந்தை ஏற்றித்தான் குணமானது.

டாக்டரிடம் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செத்த கிருமியின் மரபணுவைக்கூடக் காட்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்க, கிருமியை உயிரோடு வளர்த்தாக வேண்டும். அதுவோ சரியான தொட்டாற்சிணுங்கி, கொஞ்சம் காய்ந்தாலே செத்துவிடும். சாக்லேட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் (சாக்லேட் எதுவும் கிடையாது, சூடாக்கிய இரத்தம்தான்) தடவி, கார்பன் டை ஆக்சைடு கூட்டிய காற்றில் வைத்தால் ஓரிரு நாளில் சாம்பல் பொட்டுகள் முளைக்கும். அதை இன்னொரு தட்டில் பரப்பி மருந்துப் பட்டையை வைப்போம். ஒரு முனையில் மருந்து அதிகம், போகப் போகக் குறையும். கிருமி வளராத இடம் நீள்வட்டமாகத் தெளிந்திருக்கும். அதன் விளிம்பு பட்டையில் எந்த எண்ணை, அதாவது எந்த மருந்தளவை, தொடுகிறது என்று பார்த்து எழுதுவோம். கண்ட மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது.

இரவுப்பறவை:
துணை இன்னும் பரிசோதனைக்கே போகவில்லை. தொண்டையிலும் மாதிரி எடுக்கணுமா?

அகார்தட்டு:
வாய்வழி உறவு இருந்திருந்தால் கட்டாயம். தொண்டையில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, மருந்தும் அங்கே சரியாக எட்டாது. போதாக்குறைக்கு, கொனோரியா கிருமி, தொண்டையில் சும்மா குடியிருக்கும் தன் உறவுக்காரக் கிருமிகளான மற்ற நைசீரியா இனங்களிடமிருந்து மருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும். துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். கூச்சம் எதற்கு? டாக்டர் இதைத் தினமும் பார்க்கிறவர்.