16மிமீ லென்ஸை எதை வைத்து எடை போடுவது: ராவா, திருத்திய படமா?

மூலைமுடுக்கு:
கேனன் ஆர்எஃப் 16மிமீ எஃப்/2.8 எஸ்டிஎம் என்ற அகலக்கோண லென்ஸை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க" என்றே பதில் வருகிறது. கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்கள் என்கிறேன். ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. திருத்தம் எதுவும் போடாமல் அதைத் திறந்தால் செங்கல் சுவர் பானை வயிறு மாதிரி உப்பி நிற்கிறது, நான்கு மூலையும் கறுப்பு. கேமராவே திருத்திக் கொடுக்கும் ஜேபெக்கில் தெரிவது அதை இழுத்து நீட்டி வெளிச்சம் ஏற்றிய படம். லென்ஸ் செய்யாத வேலைக்கு லென்ஸுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கல்யாண_கேமரா:
மதிப்பெண் படத்துக்குத்தான் நண்பரே. எடை 165 கிராம், ஃபில்டர் 43மிமீ, 2021-ல் வந்தபோது அமெரிக்காவில் 299 டாலர். மென்பொருள் நேராக்கும் என்று தெரிந்தே வரைந்த லென்ஸ் இது. திருத்தாத ரா 16-ஐ விட அகலமாகப் பிடிக்கிறது. நேராக்கும்போது அந்தக் கறுப்பு ஓரம் வெட்டுப்பட்டுப் போகிறது. நீங்கள் அரிசியை மென்று பார்த்துவிட்டு சாதம் வேகவில்லை என்கிறீர்கள்.

மூலைமுடுக்கு:
அரிசி வெந்தால் சாதம், சரி. மூலைப் பிக்சலை இழுத்தால் புது விவரம் முளைக்குமா? நான் எடுப்பது பால்வீதி. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200-ல் எடுத்து மூலையின் வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் தூக்கினால், ஸ்டாப்புக்கு இரண்டு மடங்காக, மொத்தம் எட்டு மடங்கு. அங்கே மட்டும் 25600-ல் எடுத்த மாதிரி இரைச்சல். வளைவையும் இருட்டையும் ப்ரொஃபைல் (மென்பொருளில் அந்த லென்ஸுக்கென்று இருக்கும் திருத்தக் கணக்கு) சரிசெய்யும். ஓர நட்சத்திரத்துக்கு இறக்கை முளைக்கும் கோமா என்ற குறையை வழக்கமான ப்ரொஃபைல் தொடாது. இன்னொன்று, என் சுவர்ப் படத்தில் வலது மூலைகள் இரண்டும் இடதைவிட மங்கல்.

பழைய_ஃபிலிம்:
தம்பி, அந்த மூன்று ஸ்டாப் பாவத்தை முழுக்க இந்த லென்ஸ் தலையில் கட்டாதீர்கள். ஃபுல் ஃப்ரேமில் (36x24மிமீ சென்சாரில்) மையத்திலிருந்து மூலைக்கு 21.6மிமீ. 16மிமீ லென்ஸுக்கு அந்த மூலையின் ஒளி சுமார் 53.5 டிகிரி சாய்ந்து வருகிறது. அதன் கோசைனை நான்கு முறை பெருக்குங்கள்: 0.125. இயற்கை தருவதே எட்டில் ஒரு பங்குதான். இதை ஓரளவு லென்ஸின் கண்ணாடி வில்லைகளால் சமாளிக்கலாம், ஆனால் முன் கண்ணாடி பெருத்துப் போகும். 2007-ல் வந்த நிக்கான் 14-24 எஃப்/2.8-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரு கிலோ, முன்னால் ஃபில்டர் திருக இடமே கிடையாது.

வலது மூலை மங்கலுக்கு வருவோம். கேமரா சுவருக்கு நேராக இருந்ததா? சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டி வையுங்கள். லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் நடுவில் விழுந்தால்தான் நேர். அப்புறம் மூலைக்குத் தனியாக ஃபோகஸ் செய்து ஒரு படம். மூலை தெளிந்து நடு மங்கினால் அது ஃபோகஸ் தளத்தின் வளைவு. கூர்மை இல்லாத லென்ஸ் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் செய்தும் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், லென்ஸுக்குள்ளே ஏதோ ஒரு வில்லை அச்சு விலகியிருக்கிறது. வேறொரு கம்பெனி லென்ஸில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, அதற்குள் திருப்பிக் கொடுக்கும் தேதி போய்விட்டது.

கல்யாண_கேமரா:
அண்ணே, அதே கோசைன் கணக்குதான் என் அத்தையையும் குண்டாக்கியது. குடும்பப் படத்தில் கடைக்கோடியில் நின்றார். மூலையில் முகம் வெளிப்பக்கமாக ஏறக்குறைய 1.7 மடங்கு நீளும். நேர்கோட்டை நேராகக் காட்டும் எந்த 16மிமீ லென்ஸும் இதைச் செய்யும். சமாளிக்க ஒரு வழி பிடித்தேன்: திருத்தத்தைக் குறைக்க விடும் மென்பொருளில் பீப்பாய் வளைவை (உங்கள் சுவரை உப்ப வைத்த அதே வளைவை) கொஞ்சம் மிச்சம் வைத்தால் முகம் ஒழுங்காக இருக்கிறது.

மூலைமுடுக்கு:
அப்போ நீங்களும் வேகாத அரிசிதான் சாப்பிடுகிறீர்கள்!

கல்யாண_கேமரா:
அத்தைக்காக மட்டும்.

மூலைமுடுக்கு:
சுவரில் முகக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ட்ரைபாட்தான் கோணல். நேராக்கியதும் வலது மூலைகள் இடதோடு ஒத்துப்போகின்றன, அந்தப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கறுப்பு மூலை புகார் அப்படியே நிற்கிறது. அமாவாசை வரட்டும், லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து எஃப்/2.8-லும், கொஞ்சம் சுருக்கி எஃப்/4-லும் நட்சத்திரம் எடுத்து ராவாகவே போடுகிறேன்.